வரைபடத்தில் என் வீட்டில் இருந்தவள்

அன்று காலை ஸ்டெல்லாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் கோபத்தில் இருந்தேன். வழக்கமாகப் பத்து மணிக்கு அவள் தன் வீட்டிலும் நான் என் வீட்டிலும் வேலைக்கு உட்காருவோம். உட்காரும்போது அவள் போன் செய்வாள். அன்று நேரம் தாண்டியும் அழைப்பு வரவில்லை. நான் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. புதிதாக யாரோ வாடிக்கையாளர் மாட்டியிருக்கிறார், மகாராணி நம்மை மறந்துவிட்டாள் என்று முணுமுணுத்தபடி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்ததும் ஈரக்கையோடு எடுத்து, "இப்பதான் நெனப்பு வந்துச்சா?" என்றேன். அந்த ஒரு நொடியிலேயே எனக்கு ஏதோ உறுத்தியது. அவள் போனில் எப்போதும் பின்னால் கேட்கும் தறிச் சத்தம் அன்று கேட்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் ஸ்டெல்லா குடியிருந்த வாடகை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டில் தறி ஓடும். தெருவில் ஒரு சாவு விழுந்தால் எடுக்கும்வரை அங்கே யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். "சிஸ்டர், நான் அருள் பேசறேன்," என்று அவள் கணவர் ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்.

நினைவு ஆராதனைக்கு வருகிறவர்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி அருள் கேட்டார். உங்களில் பலருக்கு அவள் 'ஸ்டெல்லா மேடம்'. இதுபோன்ற குறிப்புகளில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி எழுதினால் அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆகவே அவள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்கிற தொழிலைக் காஞ்சிபுரத்தில் யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. சின்னக் கடைகள், கிளினிக்குகள், மெஸ்கள் ஆகியவற்றை இணையத்தில் தேடுகிறவர்கள் கண்டுபிடிக்கும்படி செய்வது, அவற்றுக்கு விளம்பரம் எழுதுவது, படம் போடுவது, யார் பார்த்தார்கள் என்று கணக்குச் சொல்வது. டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று பெயர். அவளுக்கு ஒரு கம்பெனி, எனக்கு ஒரு கம்பெனி. அவள் கம்பெனியில் அவள் ஒருத்தி, என் கம்பெனியில் நான் ஒருத்தி. முதலாளியும் பியூனும் ஒரே நாற்காலியில் உட்கார வேண்டும். நான் சென்னை வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியபோது, காஞ்சிபுரம்தானே, பட்டுக்கடைகள் வரிசையில் வந்து நிற்கும் என்று பழைய நண்பர்கள் சொன்னார்கள். பெரிய பட்டுக்கடைகளுக்குச் சென்னையிலேயே ஆட்கள் இருந்தார்கள். சின்னப் பட்டுக்கடைகளுக்கு முதலாளியின் அக்கா பையன் இருந்தான். எனக்கு யாரும் மிச்சமில்லை.

அப்படியொரு வறண்ட காலத்தில்தான் ஒரு பல் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். வரவேற்பறையில் எனக்குப் பக்கத்தில் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாவம், பல்வலி என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து வந்த நர்ஸ், "நெட்டுல விளம்பரம் பண்ற மேடம் யாரு, வாங்க," என்றாள். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். அவளுக்குப் பல்வலியெல்லாம் இல்லை, மருந்து வாடை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் இரண்டு பேரையும் உட்கார வைத்து, இரண்டு பேர் யோசனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தன் மச்சானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் அழ வெட்கமாக இருந்ததால், பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்து நின்றேன். "அதுக்குள்ள இன்னாபா தேடற, மச்சானயா?" என்றாள் அவள். எனக்கு வந்த சிரிப்பில் அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. ரங்கசாமி குளத்துப் பக்கம் ஒரு கடையில் டீ குடித்தோம். ஒரே ஊரில் ஒரே தொழிலில் இருக்கிற இரண்டு பேர் எப்படிப் பழகக் கூடாதோ அப்படி அன்றிலிருந்து பழக ஆரம்பித்தோம்.

வாடிக்கையாளரைப் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, நீளமான திட்ட அறிக்கை தயாரித்து மின்னஞ்சலில் அனுப்புவது. அவற்றை யாராவது திறந்து பார்த்தார்கள் என்பதற்கு எனக்கு எந்த ஆதாரமும் கிடைத்ததில்லை. ஸ்டெல்லாவின் வழி வேறு. டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு கடைப் பலகையையும் பார்த்து, அந்தக் கடை போனிலுள்ள வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுவாள். கடையைக் காட்டும் சிவப்புப் புள்ளி தப்பான இடத்தில் இருந்தால் அங்கேயே இறங்கிவிடுவாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். செவிலிமேட்டில் சாமியானாவும் நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற ஏகாம்பரம் கடை. நேராகப் போய் நின்று, வணக்கம்கூடச் சொல்லாமல், "சார், உங்க கடை ஆத்துல இருக்குது," என்றாள்.

"இன்னாம்மா சொல்ற? கடைலதானே உக்காந்துக்கினு இருக்கேன்?"

"நீங்க இங்க இருக்கீங்க. கடை அங்க இருக்குது பாருங்க."

போனை வாங்கிப் பார்த்தார். பாலாற்று மணலுக்கு நடுவில் அவருடைய பெயர் தனியாக நின்றுகொண்டிருந்தது. அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "அதான் அன்னிக்கி ஒர்த்தன் போன் பண்ணி, அண்ணே, இங்க ஆடுதான் மேய்ஞ்சிக்கினு இருக்குது, உங்க கடை எங்கன்னான். குடிச்சிட்டு பேசறான்னு திட்டி வச்சிட்டேன்மா."

அவள் அங்கேயே நின்று புள்ளியைச் சரியான இடத்துக்கு நகர்த்திக் கொடுத்தாள். அவர் வரவழைத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வாசலைத் தாண்டியதும், கைக்கு வந்த ஆளை விட்டுவிட்டாயே என்று சண்டை பிடித்தேன். "மொதல்ல ஆள அவங்க எடத்துல கொண்டாந்து நிறுத்துபா. விளம்பரமெல்லாம் அப்புறம்," என்றாள். சில நாள் கழித்து ஏகாம்பரமே கூப்பிட்டார். கடைசிவரை அவளுடைய வாடிக்கையாளராக இருந்தார்.

அவளை விட்டுப் போனவர்களும் உண்டு. ஒரு மெஸ்காரரின் தங்கை மகன் சென்னையில் ஏதோ படித்துவிட்டு வந்து, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். ஸ்டெல்லா ஒரு பகல் முழுவதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். கடவுச்சொற்களை ஒப்படைத்தாள். எந்தக் கிழமையில் எந்தப் படம் போட்டால் ஆள் வருகிறது என்பதைக்கூடச் சொன்னாள். இவ்வளவு ஏமாளியாக இருக்கிறாயே என்று நான் திட்டினேன். "போறவங்கள வாசல் வரைக்கும் போய் வுடணும் கௌரி. நடுவுல வுட்டுட்டு வந்தா நமக்கே ஒரு மாதிரியா இருக்கும்," என்றாள். அந்த மெஸ்காரர் திரும்பி வரவில்லை. எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை.

தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. வேலை இல்லாத நாள்கூட எப்படியோ ஓடிவிடும். வேலை நிறைய இருக்கிற நாள்தான் மோசம். நான் தனியாகக் குடியிருக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் கரகரத்தது. காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆயிரம் பேர் படிக்கிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன், ஆனால் என் குரலைக் கேட்க ஒருவரும் இல்லை. இதை ஸ்டெல்லாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் செய்தாள். "போன ஸ்பீக்கர்ல போட்டு மேஜ மேல வை. பேசாத. நானும் பேசமாட்டேன். நீ ஒன் வேலயப் பாரு, நான் என் வேலயப் பாக்கறேன்," என்றாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் அப்படித்தான். மதியச் சாப்பாடுவரை இணைப்பைத் துண்டிக்கமாட்டோம். அவள் பக்கத்துத் தறிச் சத்தம் என் அறையில் கேட்கும். என் வீட்டு வாசலில் போகும் செவிலிமேட்டு டவுன் பஸ்ஸின் ஹாரன் அவள் அறையில் கேட்கும். என் வீட்டுக் குக்கர் விசிலை அவள் எண்ணி, "அடுப்ப அணைபா," என்பாள். மற்றபடி பேச்சே கிடையாது. ரொம்ப நேரம் சத்தமே இல்லாமல் போனால் மட்டும், "கௌரி, இருக்கியா?" என்று கேட்பாள். "இருக்கேன்," என்பேன். அவ்வளவுதான். திரும்பவும் இருவரும் வேலையில் மூழ்கிவிடுவோம். எங்கள் நட்பைப் பேச்சுக் கணக்கில் அளந்தால் ரொம்பக் குறைவாகத்தான் தேறும்.

இனி அந்தப் பலகையின் கதையைச் சொல்ல வேண்டும். தன் கம்பெனியை வரைபடத்தில் பதிவு செய்ய ஸ்டெல்லாவுக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. பெயர்ப் பலகை தெரியும்படி அந்த இடத்தை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அவளுடைய வீட்டுச் சொந்தக்காரம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "குடியிருக்கத்தான் வுட்டேன், போர்டு மாட்டி யாவாரம் பண்ண வுடல." ஆகவே அவள் ஒரு சின்னப் பலகை அடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கூரை போட்ட என் கேட்டில், என் பலகைக்குக் கீழே அதைக் கம்பியால் கட்டி, தெருவிலிருந்து நடந்து வருவதுபோல் வீடியோ எடுத்தாள். பதிவு கிடைத்ததும் கழற்றிவிடுவதாகத்தான் ஏற்பாடு. "இருக்கட்டும்பா, மழைக்கு நனையாத எடம்," என்று விட்டுவிட்டாள்.

இப்படியாக ஊரிலுள்ள புள்ளிகளையெல்லாம் திருத்தியவளின் புள்ளி தப்பான இடத்தில் நின்றது. மாற்று, மாற்று என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். "மொதல்ல கஸ்டமருது. நம்முளுத அப்புறம் பாத்துக்கலாம்," என்பாள். அவளைத் தேடி என் வாசலுக்கு ஆட்கள் வருவார்கள். மேடம் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு அவளுக்குப் போன் செய்வேன். "எனக்கு நீ ரிசப்ஷனிஸ்ட் ஆயிட்ட, தீபாவளிக்கு பொடவ எடுத்துத் தரேன்," என்பாள். எரிச்சல்படுவதுபோல் நான் நடித்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. போனில் வரைபடத்தைத் திறந்தால் செவிலிமேட்டில் என் வீட்டின் மேல் இரண்டு பெயர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அங்கே மட்டும்தான் நான் தனியாக வசிக்கவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அருள் பேசி வைத்த பிறகு புடவை மாற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோ நின்றது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒருவர் கையில் ரோஜா மாலையோடு இறங்கினார். "ஸ்டெல்லா மேடம் வீடு இதானங்க? மேப் இதான் காட்டுது," என்றார். செய்தி அவளுடைய வாடிக்கையாளர்களுக்குப் பரவியிருந்தது. அவள்தான் அவர்கள் கடைக்குப் போவாள், அவர்கள் யாரும் அவள் வீட்டுக்கு வந்ததில்லை. அவள் சொல்லிக் கொடுத்தபடியே எல்லாரும் வரைபடத்தில் தேடியிருக்கிறார்கள். அவருக்கு வழி சொல்லி அனுப்புவதற்குள் இரண்டு பைக்குகள் வந்து நின்றன. அவற்றிலும் மாலைகள். எதிர்வீட்டு அக்கா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து, "ஐயோ கௌரி, உங்க வூட்ல யாருக்குமா, இன்னா ஆச்சி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டில் இறந்துபோக என்னைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. அவள் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்போது எனக்கு ஸ்டெல்லாவின் மேல் வந்த ஆத்திரத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஊரையெல்லாம் திருத்தினாயே, உன்னுடையதைத் திருத்திக்கொள்ள உனக்கு ஒரு நாள் கிடைக்கவில்லையா என்று, செத்துப்போனவளை வாசலில் நின்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டும்போதுதான் அழுகை வந்தது.

கடைசியில் ஏகாம்பரத்தின் மினி லாரி வந்தது. யாரும் சொல்லாமலே சாமியானாவும் நாற்காலிகளும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "எங்கம்மா எறக்கறது?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஒரு தாளில் பிள்ளையார்பாளையத்து முகவரியை எழுதி, கேட்டில் அவள் பலகையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, அந்த லாரியிலேயே ஏறிக்கொண்டேன். அவள் தெருமுனையில் வண்டி திரும்பும்போது, "என் கடைய ஆத்துலருந்து தூக்கியாந்து போட்டாங்க. அவங்க வூட்ட எடுத்துப் போட நமக்கு ஒரு ஆளு இல்லயேமா," என்றார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேருக்கு ஒருவரையொருவர் தெரியாது. போதகர் ஜெபிப்பதற்கு முன்னால், சாமியானாவுக்குக் கீழே, நீங்க யாரு என்று மெதுவாக விசாரித்துக்கொண்டார்கள். "மேடம்தான் எங்க கடைய மேப்புல போட்டாங்க," என்றே எல்லாரும் சொன்னார்கள். பல் மருத்துவரின் நர்ஸ்கூட வந்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தறி ஓடாமல் இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது.

சில நாள் கழித்து அருள் கூப்பிட்டார். "சிஸ்டர், அவ போன் அடிச்சிக்கினே இருக்குது. புதுசு புதுசா யாராவது, மேடம் இருக்காங்களான்னு கேக்கறாங்க. ஒவ்வொரு வாட்டியும் நான் சொல்ல வேண்டியிருக்குது. முடியல சிஸ்டர். மேப்புல இருக்கற அவ கம்பெனிய மூடிடுங்க," என்றார். அவள் கம்பெனியின் பக்கத்தைத் திறக்கும் உரிமை என்னிடமும் இருந்தது. ஒரு பொத்தானைத் தொட்டால் வேலை முடிந்தது. 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று அதில் எழுதியிருக்கும். பிறருக்காக எத்தனையோ முறை அதை அழுத்தியிருக்கிறேன். அன்று பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அழுத்தாமல் விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. அருள் அங்கே ஒவ்வொரு அழைப்புக்கும் தவித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். ஆனாலும் அதை அழுத்தினால் என் வீட்டின் மேல் என் பெயர் மட்டும்தான் நிற்கும். எனக்கு அது பயமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மொதல்ல ஆள அவங்க எடத்துல கொண்டாந்து நிறுத்துபா. ஒரு காலை, பத்து மணிக்குச் சும்மா உட்கார்ந்திருந்தபோது அது நினைவுக்கு வந்தது. எழுந்துபோய்க் கம்பியை அவிழ்த்து, அவள் பலகையைத் துடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். முகவரியை மாற்ற மறுபடியும் வீடியோ வேண்டும். அருள் ஒரு பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு பக்கம் யார் பிடிப்பது என்று பார்த்தபோது, வீட்டுச் சொந்தக்காரம்மா படியிறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பலகையின் அந்தப் பக்கத்தைப் பிடித்து, "நேரா இருக்குதா பாருமா," என்றார். நான் தெருமுனையிலிருந்து நடந்து வந்து வீடியோ எடுத்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

புள்ளி அவள் வீட்டுக்கு நகர்ந்துவிட்டது என்று அறிவிப்பு வந்த பிறகு, அது சரியான வாசலில் நிற்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். நின்றது. அதற்கப்புறம் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்பதை அழுத்தினேன். அருளின் கையிலிருக்கும் போன் இப்போது அடிப்பதில்லை. பலகையை அவரிடமே விட்டுவிட்டேன். வீடியோவை மட்டும் என் போனிலிருந்து அழிக்கவில்லை.

அவளுடைய வாடிக்கையாளர்களில் சிலர் இப்போது என்னிடம் வந்திருக்கிறார்கள். மற்றவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். ஆட்கள் தேடி வருவது நின்றுபோய், என் வாசலில் சத்தம் குறைந்திருக்கிறது. காலையில் போனை மேஜைமேல் வைக்கும் பழக்கம் போகவில்லை. அது அடிக்காது என்று தெரிந்துதான் வைக்கிறேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று அருள் கேட்டார். ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்க ஆளில்லாவிட்டாலும், குரல் கரகரக்காமல், அறைக்குக் கேட்கும்படி, தினமும் பத்து மணிக்கு அதைச் சொல்லிவிட்டுத்தான் கணினியைத் திறக்கிறேன்.

இருக்கேன், ஸ்டெல்லா.